ஒரு நாள்தான் இருக்கிறது: வடக்கே மியூசியமா, தெற்கே பத்மநாபபுரமா?

கேரள எல்லையில் இருக்கும் பாறசாலையில் எங்கள் வீட்டுக்குப் பரீட்சை லீவில் திருநெல்வேலிச் சொந்தங்கள் வந்தால், மூன்றாம் நாள் இந்தப் பேச்சு கிளம்பிவிடும். கோவளமும் கன்னியாகுமரியும் பார்த்தாயிற்று. ஊருக்குத் திரும்ப இன்னும் ஒரு நாள் இருக்கிறது. பழைய சாமான், படம், அரண்மனை என்று ஏதாவது பார்க்க வேண்டும். வடக்கே போனால் திருவனந்தபுரம். அங்கே மியூசியம் வளாகம் ஒன்று, கோட்டைக்குள் குதிரைமாளிகை அரண்மனை ஒன்று. தெற்கே களியக்காவிளையும் மார்த்தாண்டமும் தாண்டினால் தக்கலை, பத்மநாபபுரம் அரண்மனை.

மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கிளம்பியவர்கள் பஸ்ஸைத்தான் அதிகம் பார்த்தார்கள். அதனால் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். என்னைக் கேட்டால் பத்மநாபபுரம். யாருக்கு அது ஒத்துவராது என்பதையும் கீழே சொல்கிறேன். எங்கே போவதானாலும் திங்கட்கிழமை கிளம்பாதீர்கள், மூன்றுக்கும் அன்று விடுமுறை. மியூசியத்துக்குப் புதன்கிழமை காலையிலும் விடுமுறை உண்டு.

மியூசியம் வளாகத்திலிருந்து தொடங்குகிறேன். அதற்குள் தனித்தனியாகப் பார்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது நேப்பியர் மியூசியம். 1880இல் கட்டி முடித்த கட்டடம். சென்னைக் கடற்கரையில் செனட் ஹவுஸைக் கட்டிய ராபர்ட் சிஷோம்தான் இதையும் வரைந்தார். மலையாள நாட்டுக் கூரைச் சரிவை எடுத்துக்கொண்டு, வெயில் உள்ளே இறங்காமல் காற்று மட்டும் நடமாடும்படி அமைத்திருக்கிறார். சித்திரை மாத மதியத்தில் உள்ளே போய் நின்றால் அந்த வேலையின் அருமை தெரியும். வெண்கலச் சிலைகள், மரத்தேர், தந்த வேலைப்பாடு எல்லாம் இருக்கின்றன. ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு வெண்கலம் புதிதில்லை. நெல்லையப்பர் கோயிலில் மாலையும் சந்தனமுமாகப் பார்த்த உற்சவரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கும்போது மனது கொஞ்சம் விலகித்தான் நிற்கிறது. நான் அதிக நேரம் நிற்பது தந்தச் சிற்பங்களுக்கு முன்னால்தான்.

இரண்டாவது, ஸ்ரீசித்ரா ஆர்ட் கேலரி. 1935இல் சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்தில் தொடங்கியது. தஞ்சாவூர்ப் படங்கள், முகலாய, ராஜபுத்திரச் சிற்றோவியங்கள், ரஷ்ய ஓவியர் ரோரிக் வரைந்த இமயமலை எல்லாம் இங்கே உண்டு. இருந்தாலும் கூட்டம் வருவது ரவிவர்மாவுக்காக. அவருடைய படங்களுக்கென்றே சமீபத்தில் தனிக் கட்டடமும் வந்துவிட்டது.

சகுந்தலை படத்தை நாம் எல்லோரும் காலண்டரில் பார்த்திருக்கிறோம். தோழியின் தோளைப் பிடித்துக்கொண்டு, காலைத் தூக்கி முள் எடுக்கிற பாவனையில் திரும்பிப் பார்ப்பாளே, அந்தப் படம்தான். 1894இல் ரவிவர்மா அச்சகம் தொடங்கிய பிறகு இப்படிப்பட்ட படங்கள் வீடு வீடாக வந்து சேர்ந்தன. அச்சில் முகமும் சேலையும்தான் வந்தன. நேரில் பக்கத்தில் நின்றால், அவள் கண் முள்ளில் இல்லை என்பது முதலில் தெரியும். பிறகு தோழியின் தோளில் அழுந்திய கை, தரையில் ஊன்றிய மற்றக் காலில் விழுகிற பாரம் என்று ஒவ்வொன்றாகப் பிடிபடும். அன்னத்தோடு பேசும் தமயந்தியும் இங்கேதான் இருக்கிறாள். அவளுக்குக் குறைந்தது பத்து நிமிடம் கொடுங்கள்.

தமிழர்கள் தெரிந்துகொண்டு போக வேண்டிய சங்கதி ஒன்றும் உண்டு. திருவிதாங்கூர் அரண்மனையில் ஓவியராக இருந்தவர் மதுரை ராமசாமி நாயுடு. எண்ணெய் வண்ணத்தின் நுணுக்கத்தைச் சிறுவன் ரவிவர்மாவுக்குச் சொல்லித்தர அவர் மறுத்துவிட்டார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளைதான் குருவுக்குத் தெரியாமல் உதவினார் என்று ரவிவர்மாவின் வாழ்க்கை வரலாற்றில் சொல்வார்கள். அந்த ஆறுமுகம் பிள்ளையை நினைத்துக்கொண்டு படங்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

அடுத்தது குதிரைமாளிகை. பத்மநாபசுவாமி கோயிலுக்குப் பக்கத்தில் சுவாதித் திருநாள் மகாராஜா கட்டியது. 1846இல் முப்பத்துமூன்று வயதில் அவர் இறந்துபோனார். இறவாணத்துக்குக் கீழே வரிசையாக 122 மரக்குதிரைகள். அண்ணாந்து பார்த்தபடியே நடக்கலாம். உள்ளே தந்த சிம்மாசனமும் ஸ்படிகச் சிம்மாசனமும் இருக்கின்றன. ஆனால் பெரிய மாளிகையில் கொஞ்சம் அறைகளைத்தான் பார்க்க முடியும், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். வீட்டிலிருந்து இதற்கென்று மட்டும் கிளம்பி வர வேண்டியதில்லை. கோயிலுக்கு வந்தவர்கள் கட்டாயம் பார்த்துவிட்டுப் போக வேண்டும். குளத்தங்கரையில் மேத்தன் மணி என்கிற பழைய கடிகாரத்துக்கு எதிரே மணி அடிக்கும் நேரத்துக்குச் சரியாகப் போய் நில்லுங்கள். தாடிக்கார முகம் வாயைத் திறக்க, இரண்டு ஆட்டுக்கிடாக்கள் வந்து முட்டும். குழந்தைகள் அடுத்த மணிக்கும் காத்திருப்போம் என்பார்கள்.

சரி, பத்மநாபபுரம். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம். 1956 நவம்பர் 1இல் கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அரண்மனை நின்ற மண்ணும் சேர்ந்தது. அரண்மனையை மட்டும் கேரளத் தொல்லியல் துறை பார்த்துவருகிறது. எல்லையோரத்தில் பிறந்தவர்களுக்கு இது புதிதில்லை. எங்கள் வீடுகளிலும் ரேஷன் கார்டு ஒரு பக்கம், சம்பந்தம் மறுபக்கம்.

பூமுகம் என்கிற முகப்பு மண்டபத்தில் நுழைந்ததும் மேலே பாருங்கள். மரக்கூரையில் தொண்ணூறு பூக்கள், ஒன்றைப்போல் ஒன்றில்லை. அங்கேயே குதிரைவிளக்கு தொங்கும். அதை எந்தப் பக்கம் திருப்பிவிட்டாலும் அந்தப் பக்கமே நிற்கும்படி சங்கிலியைக் கோத்திருக்கிறார்கள். மேலே, மகாராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் வெளிச்சம் மெதுவாகத்தான் உள்ளே வரும். அந்தத் தரையில் கால் வைத்ததும் என் அத்தை நின்றுவிட்டாள்.

"மக்கா, இது நேத்துப் போட்ட தரை மாதிரில்லா கெடக்கு?"

"இருநூறு வருசம் தாண்டிட்டு அத்தை."

குனிந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். கறுப்பாக, குளிர்ச்சியாக, முகம் தெரிகிற தரை. சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து மெழுகியது என்று சொல்வார்கள். பிறகு ஆயிரம் பேர் ஒரே பந்தியில் உட்காரும் ஊட்டுபுரை, அதிலிருந்து அரண்மனையின் மிகப் பழைய பகுதியான தாய்க்கொட்டாரம், அங்கே பலாமரத்தில் செதுக்கிய தூண். இவை எதையும் வேறிடத்திலிருந்து கொண்டுவந்து வைக்கவில்லை. தூண் தன் கூரையைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது, உரல் அடுக்களைப் பக்கம் கிடக்கிறது. மியூசியத்தில் பொருளைப் பார்த்துவிட்டு, அது இருந்த வீட்டை நாமே மனதில் கட்டிக்கொள்ள வேண்டும். இங்கே அந்த வீட்டுக்குள்ளேயே நடக்கிறோம். நான் இதை முதலில் வைப்பது இதனால்தான்.

மாலையில் நேரம் இருந்தால் பக்கத்தில் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாய் கல்லறையைப் பார்த்துவிடலாம். 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அவருக்கே படைத்தலைவரான டச்சுக் கம்பெனிப் படைக்காரர். கல்லறைக் கல்லில் லத்தீனோடு தமிழும் வெட்டியிருக்கிறது.

இனி, யாருக்கு ஒத்துவராது? முட்டுவலிக்காரர்களுக்குப் பத்மநாபபுரம் சிரமம். மரப்படிகள் குறுகலானவை, செங்குத்தானவை. குனிந்து குனிந்து ஏற வேண்டும். அத்தை தாய்க்கொட்டாரத்துத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள், "நீங்க பாத்துட்டு வாங்க" என்றாள். அப்படிப்பட்டவர்களைச் சித்ரா கேலரிக்குக் கூட்டிப்போங்கள். பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தாலும் மியூசியம் வளாகமே நல்லது. மிருகக்காட்சிசாலை அங்கேயே இருக்கிறது, மரநிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிடலாம்.

நவராத்திரிக்கு வருகிறவர்களுக்கு மட்டும் என் பதில் வேறு. பத்மநாபபுரம் அரண்மனைக் கோயிலான தேவாரக்கட்டின் சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் ஆண்டுதோறும் எங்கள் வழியாகத்தான் திருவனந்தபுரம் போவார்கள். கம்பர் பூசித்த சரஸ்வதி என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. அரண்மனை உப்பரிக்கையில் மகாராஜாவின் உடைவாளைக் கைமாற்றிக் கொடுத்ததும் புறப்பாடு. களியக்காவிளையில் இரு மாநிலத்துக்காரர்களும் சேர்ந்து நிற்பார்கள், போலீஸ் மரியாதை நடக்கும். நாங்கள் ரோட்டோரம் விளக்கேற்றி வைத்துக் காத்திருப்போம். சரஸ்வதி போய் அமர்வது குதிரைமாளிகையை ஒட்டிய நவராத்திரி மண்டபத்தில். ஒன்பது நாளும் சாயங்காலம் அவள் முன்னால் சுவாதித் திருநாள் கீர்த்தனைகளைப் பாடுவார்கள். யாரும் கைதட்டுவதில்லை. அந்த ஒன்பது நாளில் குதிரைமாளிகைக்கே போங்கள். அந்த மண்டபத்தில் பெண்கள் பாட வழியில்லாமல் இருந்தது. 2006இல் அந்த வழக்கத்தை மாற்றி முதன்முதலாக உட்கார்ந்து பாடிய பெண் எங்கள் ஊர்க்காரர், பாறசாலை பொன்னம்மாள். அப்போது அவருக்கு எண்பது வயது தாண்டியிருந்தது.