எபிக் திட்டம்: தென்கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கச் செல்வோருக்கு ஒரு மதிப்பீடு
தென்கொரியக் கல்வித்துறையின் ஆதரவில் 1995 முதல் நடந்துவரும் எபிக் (EPIK, English Program in Korea) திட்டம், வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களை அந்நாட்டு அரசுப் பள்ளிகளில் பணியமர்த்துகிறது. அங்கே கல்வியாண்டு மார்ச்சில் தொடங்குவதால், வசந்தகாலப் பருவத்தில் சேர்பவர் மாணவர்களுடனேயே ஆண்டைத் தொடங்க முடிகிறது. ஆண்டின் நடுவே சென்று சேர்வதைவிட இதையே நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன்.

வாரத்துக்கு 22 வகுப்பு நேரமும் தங்குமிடமும் ஒப்பந்தத்திலேயே உண்டு. எனினும் இத்திட்டத்தின் உயிர்நாடி, கொரிய ஆசிரியர் ஒருவருடன் இணைந்து பாடம் நடத்தும் முறைதான். அவர் பாடத்திட்டத்தையும் மாணவர்களின் தயக்கங்களையும் அறிந்தவர் என்பதால், முதல் வாரத்திலேயே அவருடன் அமர்ந்து யார் எதை நடத்துவது என்று பேசி முடித்துக்கொள்பவருக்கு வகுப்பு இனிதாக அமைகிறது. அந்தப் பேச்சு நடக்காத வகுப்பில் வெளிநாட்டு ஆசிரியர் வெறும் உச்சரிப்புக் கருவியாகச் சுருங்கிவிடுகிறார், அது மாணவர்களுக்கே இழப்பு.

பள்ளியை நாமே தேர்ந்தெடுக்க முடியாது என்பதே பெரிய குறை. ஊர்ப்புறங்களில் ஒருவரே பல பள்ளிகளுக்குச் செல்ல நேரிடலாம். மார்ச்சிலும் குளிர் விலகியிராது. தடித்த உடைகள் அவசியம்.