வேதியியலா, சட்டமா?
அக்கா மகள் டர்பனில் சுற்றுச்சூழல் படிக்கப் போகிறாளாம். அறிவியல் வழியா, சட்டம் வழியா என்று கேட்டாள். டர்பனின் தெற்கில் உள்ள எங்கள் மெரிபேங்கில், பக்கத்துக் கச்சா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் ஓடிய காலத்தில், காற்று திரும்பினால் கொடியில் காயும் துணியிலும் ஆலை வாடை ஏறும். அதில் கந்தக டை ஆக்சைடு எவ்வளவு, எந்தத் திசையிலிருந்து வந்தது என்று அளப்பது அறிவியல். ஆய்வகம், களப்பணி, புள்ளியியல், பொறுமை வேண்டும்.

சட்டம் கேட்பது வேறு: ஆலைப் பக்கத்தில் வெள்ளையரல்லாதவர்களே ஏன் இத்தனை பேர்? எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த 1950இன் குழுப் பகுதிச் சட்டத்தைத் தொடாமல் இதற்குப் பதில் இல்லை. தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியலமைப்பின் 24ஆம் பிரிவோ உடல்நலத்துக்குக் கேடில்லாத சூழலை உரிமையாகவே தருகிறது. படிக்கச் சுவை இதில்தான்.

ஆனால் நீதிமன்றத்தில் முதலில் கேட்பார்கள், அளவு எங்கே என்று. அவளுக்குக் கணக்கு நன்றாக வரும். சரி, முதலில் வேதியியல், சட்டம் அப்புறம் என்றேன்.