ஷன்ட்டா, சீரிஸா? காயில் எரிந்தபின் நான் மாட்டிய ரெகுலேட்டர்

பைக்கின் பேட்டரி புதிது. ஆனாலும் காலையில் செல்ஃப் அழுத்தினால் டிக் டிக் சத்தம்தான். மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்து 5000 ஆர்பிஎம் வரை முறுக்கினேன். 12.3 வோல்ட்! 13.5-க்கும் 14.5-க்கும் நடுவே நின்றிருக்க வேண்டும். இன்ஜினுக்குள் கரண்ட் தயாரிக்கும் காயிலிலிருந்து, அதைப் பேட்டரிக்கு ஏற்றபடி கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்குப் போகும் மூன்று மஞ்சள் வயர்களின் கப்ளரை, அதாவது வயர்களை இணைக்கும் பிளக்கைக் கழற்றினால், ஒரு பின்னைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது. அந்த வயருக்கும் இன்ஜின் பாடிக்கும் இடையே மீட்டர் பீப் அடித்தது. அப்படி அடித்தால் காயில் பாடியோடு ஷார்ட்.

புதுக் காயில் போட்டாயிற்று. கூடவே ரெகுலேட்டரையும் மாற்றுவது என்றால், பழையபடி ஷன்ட் வகையா, சீரிஸ் வகையா?

ஷன்ட் எளிதில் கிடைக்கும், விலை குறைவு, பழைய இடத்திலேயே உட்காரும். சீரிஸ் கொஞ்சம் பருமன். தனியாகப் பிராக்கெட் செய்ய வேண்டியிருந்தது. வோல்டேஜை நிறுத்துவதில் இரண்டும் சமர்த்துதான்.

என்னை முடிவெடுக்க வைத்தது காயிலின் சூடு. மேக்னட் சுற்றும்வரை காயிலில் வோல்டேஜ் பிறந்துகொண்டே இருக்கும். வண்டிக்கு வேண்டியதுபோக மிச்சத்தை என்ன செய்வது? ஷன்ட் வகை, காயில் முனைகளையே ஒன்றோடொன்று ஷார்ட் செய்துவிடுகிறது. அதனால் லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் காயிலுக்கு முழு வேலை. ஹெட்லைட்டை எல்இடி ஆக்கினால் காயிலுக்கு ஓய்வு என்று நானும் நம்பியிருந்தேன். ஷன்ட்டில் அது நடக்காது. மிச்சப்படுத்திய கரண்ட் காயிலுக்குள்ளேயே சுற்றிச் சூடாகிறது. சீரிஸ் வகை சர்க்யூட்டைத் திறந்துவிடுகிறது. தேவையில்லாதபோது கரண்டே ஓடாது.

புதுக் காயிலோடு இரண்டையும் மாற்றி மாட்டி, மஞ்சள் வயரில், வயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஷன்ட்டில் ஹெட்லைட்டை அணைத்தபோதும் ஆம்பியர் இறங்கவேயில்லை. சீரிஸில் சட்டென்று இறங்கியது. அந்த நிமிடமே சீரிஸ் என்று முடிவு செய்துவிட்டேன்.

நடுவில் மாஸ்ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) ஷன்ட் என்று ஒன்று உண்டு. ஷிண்டென்ஜென் கம்பெனியின் எஃப்எச்020 ரெகுலேட்டர் அந்த ரகம். ரெகுலேட்டர் குறைவாகச் சூடாகும், உண்மை. ஆனால் காயிலின் பாடு பழையபடிதான். அதே கம்பெனியின் எஸ்எச்775 சீரிஸ் வகை.

சீரிஸ் மேல் சொல்லப்படும் குறை ஒன்று நியாயமானது. சர்க்யூட் திறந்திருக்கும் நேரத்தில் காயில் முனைகளில் வோல்டேஜ் எகிறும். ஆர்பிஎம் ஏற ஏற இன்னும் கூடும். இன்சுலேஷன் நைந்த பழைய காயிலோடு இதைச் சேர்க்க நான் துணிய மாட்டேன். நான் 6000-ஐத் தாண்டுவது அபூர்வம், மாட்டி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. எப்போதும் முறுக்கி ஓட்டுபவர்களுக்கு என் அனுபவம் போதாது.

அப்புறம், எதை மாட்டினாலும் உருகிய கப்ளரை மட்டும் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். தளர்ந்த டெர்மினலே தனியாக ஒரு அடுப்பு. நான் அதை வெட்டிவிட்டுப் புது டெர்மினலை வயரில் நெரித்து (கிரிம்ப்), புதுக் கப்ளர் மாட்டினேன். போன வாரம் திறந்து பார்த்தபோது கப்ளர் வெள்ளையாகவே இருந்தது.