வைரத்துக்கு முன் வாங்கிய 850 ரூபாய் லென்ஸ்

மகள் கல்யாணத்துக்கு ஒற்றைக்கல் வைரத் தோடு எடுப்பது என்று முடிவானதும் நான் முதலில் வாங்கியது ஒரு கை லென்ஸ். நகைக்கடைகளில் லூப் என்பார்கள். 850 ரூபாய்.

30 மடங்கு, 60 மடங்கு என்று போட்டு இதைவிட மலிவாகவும் விற்கிறார்கள். அந்த ஆசையே வேண்டாம். வைரத்தின் தெளிவுக்குத் தரம் போடுவது பத்து மடங்கில் பார்த்துத்தான். அதில் கண்ணுக்குப் படாத குறை கணக்கில் வராது. நான் வாங்கியது மூன்று கண்ணாடிகளைச் சேர்த்த ‘ட்ரிப்லெட்’ வகை. ஓரங்களில் வானவில் நிறம் அடிக்காது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, கல்லை ஓர் அங்குலம் வரை கொண்டுவர வேண்டும். இது பழகும்வரை இரண்டு நாள் என் இமைமுடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருச்சி பெரியகடை வீதியில் முதலில் நுழைந்த கடையில் லென்ஸை எடுத்ததுமே கடைக்காரர் முகம் மாறிவிட்டது. “பில்லுலயே விவிஎஸ்னு போட்டுத் தர்றோம்மா, அப்புறம் என்ன?” விவிஎஸ் என்றால் லென்ஸிலும் குறையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டிய உயர்ந்த தரம், அதிலேயே 1, 2 என்று இரண்டு படி. பில் அவர்கள் எழுதுவது, வெளி ஆய்வகத்தின் சான்றிதழ் எங்கே என்றால் பதில் இல்லை. எழுந்து வந்துவிட்டோம்.

இரண்டாவது கடைத் தம்பி பொறுமைசாலி. தோட்டில் கட்டாத கற்களையே வெள்ளைக் காகிதத்தில் வைத்துக் காட்டினார். ஒவ்வொன்றும் 30 சென்ட் (0.30 காரட்), ஜிஐஏ என்ற அமெரிக்க ஆய்வகத்தின் சான்றிதழோடு. முதல் கல்லிலேயே நான் ஒரு புள்ளியைக் கண்டுபிடித்து, “தம்பி, இது என்ன?” என்று மிடுக்காகக் கேட்டேன். அவர் துணியால் ஒரு துடை துடைத்தார். புள்ளி போய்விட்டது. தூசி! கல்லைத் துடைக்காமல் லென்ஸை எடுக்காதீர்கள்.

லென்ஸுக்குக் கொடுத்த காசு அடுத்த கால் மணி நேரத்தில் திரும்பிவிட்டது. இரண்டு ஜோடிகள், இரண்டுக்கும் எஸ்ஐ1 தரம் (விவிஎஸ்ஸைவிடக் கீழே, லென்ஸில் குறை தெரியும்), விலையும் ஏறக்குறைய ஒன்றே. ஒரு ஜோடியில் ஒரு கல்லின் மேல்தளத்துக்கு நேர் கீழே மிளகுத்தூள் மாதிரி ஒரு கறுப்புத் துகள். அது பட்டைகளில் எதிரொளித்து நாலைந்தாகத் தெரிந்தது. மற்ற ஜோடியில் ஒரு கல்லின் ஓரமாக வெள்ளையாக, இறகு மாதிரி ஓர் உள்விரிசல். அது விளிம்பை எட்டியிருந்தால் கல் கட்டும்போது அழுத்தம் பட்டு உடையக்கூடும், எட்டவில்லை. தோட்டில் பதித்தால் கல்லைப் பிடிக்கும் கம்பிக்கு அடியில் மறைந்துவிடும் என்றார் தம்பி. சான்றிதழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. குறை எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டும் வரைபடம் ஜிஐஏவின் முழு அறிக்கையில்தான் வரும். இந்தச் சின்னச் சான்றிதழில் இல்லை. நாம்தான் பார்த்தாக வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க விவிஎஸ்2 ஜோடியையும் கேட்டேன். விலை எங்கேயோ இருந்தது. மகள் கையை நீட்டிப் பிடித்து இறகு ஜோடியையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். எது எது என்று சொல்ல முடியவில்லை. இறகு ஜோடியையே எடுத்தோம். வாங்கும் முன் கல்லின் இடுப்பு விளிம்பில் லேசரால் பொறித்த எண்ணை லென்ஸில் படித்து, சான்றிதழோடு சரிபார்த்தேன்.

இந்த லென்ஸ் எல்லாம் செய்யும் என்று நினைக்க வேண்டாம். விவிஎஸ்1, விவிஎஸ்2 வித்தியாசம் என் கண்ணுக்குப் பிடிபடவே இல்லை. ஆய்வகத்தில் வளர்த்த வைரமா, மண்ணில் கிடைத்ததா என்பதும் இதில் தெரியாது. அதற்குக் கருவி வேண்டும், சான்றிதழ் வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் சும்மா இருக்க முடியாமல் அம்மாவின் ஏழுகல் தோட்டையும் பார்த்தேன். பின்பக்கம் மூடிய கட்டு, மேலிருந்துதான் பார்க்க முடியும். நடுக்கல்லில் காக்கைக் கால் பதிந்தது போல ஒரு கறுப்பு. பழைய ஆட்கள் காகபாதம் என்று ஒதுக்கும் அதே குறை. அம்மா அதை நாற்பது வருஷம் போட்டிருந்தாள். எந்தக் கல்யாண வீட்டிலும் ஒருவர் கண்ணிலும் பட்டதில்லை.

லென்ஸில் ஒரே குறை, மடக்கும் இடத்துத் திருகு மூன்று மாதத்தில் தளர்ந்துவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடையில் இறுக்கிக் கொடுத்தார்கள்.