பழைய பென்ஸை 'ரெஸ்டோரேஷன்' கடையில் விடப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

டபிள்யூ 124 பென்ஸ் வைத்திருப்பவர்களுக்கும், ஒன்று வாங்கலாமா என்று விலை விசாரித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இந்தப் பதிவு. வண்டியை முழுசாகப் புதுப்பித்துத் தருகிறேன் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டு, அதில் இருக்கும் நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு, மட்டமானதை மாட்டி, அதற்கு ஒரிஜினல் விலையில் பில்லும் போட்டு, கடைசியில் "இது தேறாது சார், நானே எடுத்துக்கறேன்" என்று அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். அப்படி ஒரு ஒர்க்‌ஷாப்பிலிருந்துதான் என் வண்டியை மீட்டு வந்திருக்கிறேன். கடைப் பெயரைப் போடவில்லை. வழக்கு இருப்பதால் வக்கீல் வேண்டாம் என்கிறார். பெயரை விட முறைதான் முக்கியம். அதே முறையில் பிழைப்பு நடத்துகிறவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள்.

என்னுடையது இ 220, பெட்ரோல், 1995 மாடல், வெள்ளை. பென்ஸ் கம்பெனி டெல்கோவுடன் (இன்றைய டாடா மோட்டார்ஸ்) கூட்டு சேர்ந்து புனேயில் கட்டத் தொடங்கிய முதல் கார் இந்த டபிள்யூ 124 தான். ஜெர்மனியில் அது 1984-ல் வந்த மாடல். இங்கே கட்ட ஆரம்பித்த அதே வருஷம் அங்கே அடுத்த மாடலே வந்துவிட்டது. பழசைத் தள்ளிவிட்டார்கள் என்று அப்போது கிண்டல் செய்தவர்கள்தான் இன்றைக்கு இந்த வண்டியைத் தேடுகிறார்கள்.

கோளாறு இதுதான்: ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது, நடுங்கும், சூடானபின் சிக்னலில் திடீரென்று அணைந்துபோகும். கோவையில் கிடைத்த மெக்கானிக்குகள் பிளக், காயில், பெட்ரோல் பம்ப் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். ஐரோப்பிய வண்டிகளுக்கு என்றே இருக்கும் கடை என்று சொன்னார்கள் என்பதால் சென்னைக்கு ஏற்றி அனுப்பினேன்.

அந்தக் கடைக்காரர் போனட்டைத் திறந்ததுமே சொன்னார்: "சார், இந்த வருஷத்து வண்டி எல்லாத்துக்கும் எஞ்சின் வயரிங் போயிடும். ஜெர்மனில இருந்து புது கிட் வரவழைச்சுப் போட்டா சரியாயிடும்." இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. 1992 வாக்கிலிருந்து 1995 வரை வந்த பென்ஸ்களில் எஞ்சின் வயர்களின் மேலுறையை, மண்ணில் மக்கிப்போகும் வகை பிளாஸ்டிக்கில் செய்தார்கள். சுற்றுச்சூழல் அக்கறை. மண்ணில் மக்க வேண்டியது எஞ்சின் சூட்டிலேயே காய்ந்து, வெடித்து, உதிர ஆரம்பித்தது. உள்ளே செம்புக் கம்பி வெறுமனே நிற்கும். பக்கத்துக் கம்பியில் உரசினால் மிஸ்ஃபயர், அதிர்ஷ்டம் இல்லையென்றால் எஞ்சினின் கம்ப்யூட்டரே புகைந்துவிடும். உலகம் முழுக்க டபிள்யூ 124 வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த வியாதி இது. நோயைச் சரியாகச் சொல்கிறவர் மருந்தையும் சரியாகக் கொடுப்பார் என்று யாரும் நம்பத்தான் செய்வார்கள். அந்த நம்பிக்கைதான் அவருடைய முதலீடு.

எஸ்டிமேட்டில் வயரிங் கிட்டுக்கு மட்டும் ஒன்றேகால் லட்சம். அதோடு ஹெட்லைட் பாலிஷ், ஓடாமல் நின்றுபோன ஓடோமீட்டர், கீழ்ப்பகுதியில் துரு வேலை. பாதி அட்வான்ஸ் அனுப்பினேன். சில வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது: நட்சத்திர முத்திரை போட்ட பென்ஸ் டப்பா, பக்கத்தில் சுருட்டி வைத்த கறுப்பு வயர். "பார்சல் வந்தாச்சு சார், மீதியை அனுப்புங்க."

அந்தப் படம் போனில் இன்னும் இருக்கிறது. பின்னால் பெரிதாக்கிப் பார்த்தபோது டப்பாவின் லேபிளில் இருந்த பாக நம்பர் தெரிந்தது. பென்ஸ் பாக நம்பரில் முதல் மூன்று இலக்கம் எந்த வண்டிக்கு அல்லது எஞ்சினுக்கு என்பதைச் சொல்லும், அடுத்த மூன்று எந்தப் பகுதி என்பதைச் சொல்லும். இதில் இருந்தது 124 820. அது விளக்கு, வைப்பர் வகையறா. எப்போதோ யாருக்கோ விளக்கு வந்த டப்பாவை எடுத்து வைத்துப் படம் பிடித்திருக்கிறார்கள். டப்பா நூற்றுக்கு நூறு ஒரிஜினல். உங்களுக்கும் இப்படிப் படம் வந்தால் லேபிளை மட்டும் நெருக்கமாகத் தனியாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த நம்பரை பென்ஸ் டீலரின் பார்ட்ஸ் கவுன்டரில் சொன்னால் எந்தச் சாமான் என்று சொல்லிவிடுவார்கள்.

வண்டி திரும்பி வந்தது. பளபளவென்று இருந்தது, ஸ்டார்ட் ஆனது, ஐட்லிங்கும் மிருதுவாக இருந்தது. ஒரு வாரம் ஓடியது. பிறகு அவினாசி ரோட்டில், நல்ல வெயிலில், மறுபடி அதே நடுக்கம்.

இந்த முறை ஒரு வயதான எலக்ட்ரீஷியனிடம் போனேன். லாரி டைனமோ, ஸ்டார்ட்டர் கட்டிக்கொண்டிருப்பவர். பென்ஸ் என்றதும் அவர் முகத்தில் ஒரு மரியாதையும் வரவில்லை. எஞ்சின் மேல் மூடியைக் கழற்றினார். வெளியே தெரியும் இடம் வரைக்கும் புதுக் குழாய், புது டேப். இன்ஜெக்டர் பக்கமாகப் போகும் கிளையில் டேப்பை பிளேடால் கீறி இரண்டு விரல் நீளத்துக்குப் பிரித்தார். உள்ளே வயருக்கு வயர் கறுப்பு ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடு காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் உறை) மாட்டியிருந்தது. அதையும் உரித்து நகத்தால் லேசாகத் தட்டினார். பழுப்பு உறை பொடிப்பொடியாக அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"தம்பி, இது புது கிட் இல்ல. பழசுக்கே சட்டையை மாட்டி வுட்டிருக்கான்."

"அப்ப ஒரு வாரம் நல்லா ஓடுச்சேங்க?"

"ஓடும். சட்டை சூடு தாங்கற வரைக்கும் ஓடும்."

புது ஹார்னஸ் (வயரிங் கிட்) என்றால் அதில் பாக நம்பரும் தயாரித்த தேதியும் போட்ட சின்ன லேபிள் இருக்கும். பழைய டபிள்யூ 124 வாங்கப் போகிறவர்கள் முதலில் தேட வேண்டியதே அதைத்தான்: தேதி 1996-க்குப் பிறகு என்றால் யாரோ மாற்றியிருக்கிறார்கள், நிம்மதி. என் வண்டியில் அந்த லேபிள் இருந்த இடத்தில் டேப்தான் சுற்றியிருந்தது.

அதன் பிறகுதான் மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். என் வண்டியின் இடது ஹெட்லைட் கண்ணாடியில், கீழ் மூலையில், ஒரு கல் தெறிப்பு உண்டு. இப்போது இல்லை. பாலிஷ் போட்டால் கீறல் போகும், தெறிப்பு போகாது. கண்ணாடியில், விளக்கைச் செய்த கம்பெனியான போஷ் என்ற எழுத்தையும் காணோம். என் போஷ் விளக்கு இரண்டையும் கழற்றிக்கொண்டு டூப்ளிகேட்டை மாட்டியிருக்கிறார்கள். ராத்திரி ஓட்டினால் வெளிச்சம் எங்கேயோ வேலியில் விழுகிறது.

ஓடோமீட்டர் கதை இன்னும் மோசம். டபிள்யூ 124-ல் மீட்டருக்குள் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்தோ தளர்ந்தோ எண் நின்றுபோவது சகஜம், பெரிய வேலை இல்லை. இவர்கள் மீட்டர் போர்டையே வேறு வண்டியிலிருந்து எடுத்து மாட்டிவிட்டார்கள். என் வண்டி ஓடியது 1,80,000 கிலோமீட்டருக்கு மேல். திரும்பி வந்தபோது காட்டியது 96,000. போனில் கேட்டதற்குச் சிரித்தார்: "உங்களுக்கு லாபம்தானே சார், விக்கும்போது நல்ல ரேட் வரும்." நாளைக்கு இந்த வண்டியை வாங்குகிறவனுக்கு நான்தான் திருடன். சர்வீஸ் புத்தகத்தில் பழைய எண் பதிவாகி இருந்ததால் தப்பித்தேன்.

துரு வேலை பற்றிச் சுருக்கமாக. கதவுக்குக் கீழே அகலமான பிளாஸ்டிக் பட்டை இருக்கிறதே, டிசைனர் புரூனோ சாக்கோ பெயரால் சாக்கோ பேனல் என்பார்கள். அதற்குப் பின்னால், ஜாக்கி வைக்கும் இடத்தில்தான் துரு குடியிருக்கும். தகடு வெட்டி வெல்டு வைத்ததாக பில். பட்டையைக் கழற்றிக் காந்தம் வைத்தால் ஒட்டவே இல்லை. தகடு இல்லை, பட்டி (putty) பூச்சுதான்.

இவ்வளவையும் எடுத்துச் சொன்னபோது அந்த ஆள் கோபப்படவில்லை. நிதானமாக, "இந்த வண்டிக்குச் செலவு பண்ணிட்டே இருப்பீங்க சார். எழுபத்தஞ்சாயிரம் தர்றேன், விட்டுடுங்க" என்றார். வண்டியை விட்ட அன்று, "முடிச்சா எட்டு லட்சம் போகும், நானே வேல்யுவேஷன் சர்டிஃபிகேட் தர்றேன்" என்றவர் இவர்தான்.

இந்த விலை விவகாரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் சறுக்கும் இடம் இதுதான். ஐரோப்பாவில் டபிள்யூ 124 ஒன்று பெரிய தொகைக்குப் போனது என்று செய்தி வந்தால், அது பெரும்பாலும் 500 இ ஆக இருக்கும்: 5 லிட்டர் வி8 எஞ்சின், போர்ஷே தொழிற்சாலையின் கைபட்ட வண்டி, மொத்தமே சுமார் பத்தாயிரம்தான் வந்தது. அந்த விலையைக் காட்டி நம் ஊர் இ 220-க்கு விலை சொல்வது சுத்தப் பித்தலாட்டம். ஒர்க்‌ஷாப் தரும் வேல்யுவேஷன் தாளுக்கும் தனி மதிப்பு கிடையாது. ஐந்து வருஷத்துக்குள் இருக்கும் வண்டிக்கு இன்ஷூரன்ஸில் தேய்மானக் கணக்கு நிர்ணயித்திருக்கிறது, அதற்கு மேல் ஐ.டி.வி. (பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு) என்பது கம்பெனியும் நாமும் பேசி ஒத்துக்கொள்வதுதான். செலவுப் பக்கமும் ஏறிக்கொண்டே போகிறது: 15 வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. அப்படியிருக்க, இந்த வண்டிக்கு உண்மையான விலையைக் கொடுப்பது அதிலேயே பிறந்த சாமான்கள்தான். போஷ் விளக்கு, பழைய மீட்டர், தொழிற்சாலை பெயின்ட், கையெழுத்தோடு சர்வீஸ் புத்தகம். இவர்கள் கழற்றி எடுத்ததும் அதையேதான். 'பழசு, தூக்கிப் போட்டுட்டோம்' என்று அவர்கள் சொல்லும் சாமானுக்கு வாங்க ஆள் காத்திருக்கிறது.

எல்லா மாற்று வேலையும் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த பிறகு பழைய ரப்பர் ஹோஸை மாற்றச் சொல்கிறவரைச் சந்தேகப்படாதீர்கள், அது நியாயமான வேலை. ஆனால் கழற்றிய ஹோஸை உங்கள் கையில் கொடுக்கட்டும். வண்டி விடும்போதே ஜாப் கார்டில், 'கழற்றும் பழைய சாமான் எல்லாம் உரிமையாளருக்கு' என்று எழுதி அவர் கையெழுத்தை வாங்குங்கள். விளக்கு, மீட்டர், ரேடியோ, ரேடியேட்டர், எஞ்சின் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் எழுத்தும் நம்பரும் தெரிய அவர் கண்முன்னாலேயே வீடியோ எடுங்கள். திருட நினைக்கிறவன் அந்த வீடியோவைப் பார்த்தே "இப்ப டைம் இல்ல சார்" என்று சொல்லி அனுப்பிவிடுவான்.

இன்னொன்று. வேலை சரியில்லை என்று பணத்தை நிறுத்தினால் வண்டியைத் தர மறுப்பார்கள், பார்க்கிங் வாடகை என்று மீட்டர் ஓட்டுவார்கள். ஒப்பந்தச் சட்டம் 170-வது பிரிவில், உழைப்பும் திறமையும் போட்டு வேலை செய்தவர் கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைக்கலாம் என்று இருக்கிறது. அதைத்தான் வாய்ப்பாடு மாதிரிச் சொல்வார்கள். ஆனால் அந்தப் பிரிவு பேசுவது ஒப்புக்கொண்டபடி செய்த வேலைக்கான நியாயமான கூலியை. அங்கே நின்று வாதாடிக்கொண்டிருந்தால் வண்டி வெயிலில் கிடக்கும். வக்கீல் சொன்ன வழி: பணத்தைப் பேங்க் மூலமாகவே கட்டுங்கள், ஆட்சேபணையோடுதான் கட்டுகிறேன் என்று மெயில் போடுங்கள், வண்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள், பிறகு சண்டை போடுங்கள். ஜி.எஸ்.டி. நம்பரோடு பில் கேளுங்கள். எனக்குக் கொடுத்தது கடைப் பெயர் அச்சடித்த எஸ்டிமேட் தாள் மட்டுமே, அதில்தான் 'பெய்டு' என்று முத்திரை. பேங்க் பதிவு இல்லையென்றால் என்னிடம் ஒரு ஆதாரமும் இருந்திருக்காது.

வக்கீல் நோட்டீஸ் போனது. ஸ்கிராப்பில் போட்டாச்சு என்று சத்தியம் செய்தவர்கள், கூரியரில் இரண்டு ஹெட்லைட்டையும் பழைய மீட்டரையும் அனுப்பி வைத்தார்கள். இடது கண்ணாடியில் அதே கல் தெறிப்பு. விலாசம் எழுதிய அட்டைப்பெட்டியையும் சேர்த்துப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், அவர்கள் கையிலேயே இருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. வயரிங் பணம் மட்டும் வரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்ததற்கு, 'வாடிக்கையாளர் திருப்தியோடு வண்டியை எடுத்துச் சென்றார்' என்று பதில் அனுப்பியிருந்தார்கள். அதனால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, நடந்ததிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும், ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். எலக்ட்ரீஷியன் வெட்டி எடுத்த வயர் துண்டை, ஹீட் ஷ்ரிங்க் குழாயோடு, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மனுவோடு கொடுத்திருக்கிறேன்.

இதே மாதிரி டப்பா படம் காட்டி யாரிடமாவது பணம் வாங்கியிருந்தால் படத்தை அழித்துவிடாதீர்கள். முதலில் லேபிளைப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் 820 என்று இருந்து, அவர்கள் சொன்ன சாமான் வயரிங் என்றால், எனக்குக் காட்டிய அதே டப்பாவாகக்கூட இருக்கலாம்.