ஆர்.வி. பேட்டரி மாற்றப் போகிறவர்களுக்கு: மல்டிமீட்டரில் 6.1 காட்டி என்னிடம் பணம் பறித்த கதை

ஹூஸ்டன் புறநகரில் வசிக்கும் நான், 2024 ஆகஸ்டில் ஒரு வயதான தம்பதியிடமிருந்து ஆர்.வி. எனப்படும், உள்ளேயே தங்கிப் பயணிக்கும் பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கினேன். பிக்கப் வண்டியின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் வகை, 2011இல் செய்யப்பட்டது. அதன் முன்புறக் கொக்கிக்குப் பின்னால் இரண்டு பேட்டரிகள் கறுப்புப் பெட்டிக்குள் இருந்தன. "இவற்றுக்குத் தண்ணீர் மட்டும் மறக்காமல் ஊற்று, நெடுநாள் உழைக்கும்" என்று அந்தப் பெரியவர் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஊரில் அப்பா இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாதம் தவறாமல் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். எனக்கே இந்தக் கதி என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அக்டோபரில் சக்கர பேரிங்குகளுக்கு கிரீஸ் வைப்பதற்காக டிரெய்லரை ஒரு ஆர்.வி. பழுதுபார்க்கும் கடையில் விட்டேன். மறுநாள் கடையிலிருந்து அழைத்து, பேட்டரி இரண்டும் போய்விட்டன, நேரில் வந்து பார்க்கலாம் என்றார்கள். போனேன். பணியாளர் மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஒரு பேட்டரியின் மீது வைத்தார். திரையில் 6.1 என்று வந்தது. "வண்டிக்குத் தேவை 12 வோல்ட், இதில் பாதிதான் மிச்சம் இருக்கிறது" என்றார். அடுத்த பேட்டரியிலும் அதே எண் வந்தது. கண்ணெதிரே மீட்டர் காட்டும்போது மறுத்துப் பேச எனக்கு என்ன இருந்தது? சரியென்று தலையாட்டிவிட்டேன்.

மீட்டர் பொய் சொல்லவில்லை. அவை 6 வோல்ட் பேட்டரிகள். கோல்ஃப் வண்டிகளுக்காகச் செய்யப்படும் அந்த வகையை இரண்டு வாங்கி, ஒன்றின் நேர்முனையை மற்றதன் எதிர்முனையோடு தொடராக இணைத்தால் 12 வோல்ட் கிடைக்கும். நாள்கணக்கில் மின்இணைப்பு இல்லாத இடங்களில் தங்கும் ஆர்.வி.காரர்கள் பலர் வேண்டுமென்றே செய்துகொள்ளும் ஏற்பாடு இது. அப்படிப்பட்ட பேட்டரி முழுமையாகச் சார்ஜ் ஆகி ஓய்ந்த நிலையில் சுமார் 6.37 வோல்ட் காட்டும். பாதி காலியானால் 6.03 அளவுக்கு இறங்கும். ஆகவே 6.1 என்பது பாதிக்குச் சற்று மேல் சார்ஜ் உள்ள, இன்னொரு சார்ஜுக்காகக் காத்திருக்கும் பேட்டரியின் எண். ஒவ்வொரு பேட்டரியின் மேலும் மூன்று மூடிகள் மட்டுமே இருந்ததை நான் கவனித்திருந்தால்கூடப் போதும்: ஈய-அமில பேட்டரியில் ஒரு அறை ஏறக்குறைய 2 வோல்ட் தரும், மூன்று அறை என்றால் 6 வோல்ட், ஆறு அறை என்றால் 12. பள்ளிக்கூடக் கணக்குதான்.

அவற்றைக் கழற்றி வைத்துக்கொண்டு, "டீப் சைக்கிள்" (ஆழமாக வடித்து மறுபடி மறுபடி ஏற்றத் தகுந்த வகை) என்று சொல்லி இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைப் பூட்டித் தந்தார்கள். பில்லில் பேட்டரிகளுக்கு 338 டாலர், கூலி 60, "சார்ஜிங் அமைப்பு பரிசோதனையும் சீரமைப்பும்" என்ற வரியில் 145, அதற்குக் கீழே கோர் சார்ஜ் 44; மொத்தம் 587, வரி தனி. கோர் சார்ஜ் என்பது பழைய பேட்டரியைத் திருப்பித் தராதவர்களிடம் வாங்கும் முன்பணம். என் பழைய பேட்டரிகள் இரண்டும் அவர்கள் கைவசம் இருந்தபோதே அதையும் என்னிடம் வசூலித்தார்கள். அன்று பில்லை நான் படிக்கவே இல்லை. கிளம்பும்போது, "இவை பராமரிப்பு தேவையில்லாத பேட்டரிகள், மூடியைத் திறக்க வேண்டாம்" என்று ஒரு அறிவுரையும் கிடைத்தது. திறக்கவே கூடாத பேட்டரிக்குக் கழற்றும் மூடி எதற்கு என்று கேட்கும் தெளிவு அன்று எனக்கில்லை.

நவம்பர் இறுதியில், தேங்க்ஸ்கிவிங் விடுமுறையில், மின்இணைப்பு உள்ள ஒரு மாநிலப் பூங்காவில் இரண்டு இரவு தங்கினோம். வண்டி மின்கம்பத்தோடு இணைந்திருக்கும்போது விளக்கும் விசிறியும் கன்வெர்ட்டர் வழியாக, அதாவது கம்பத்து மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றி பேட்டரிக்கும் சார்ஜ் ஏற்றும் பெட்டி வழியாக, ஓடும். பேட்டரி செத்திருந்தாலும் வெளியே தெரியாது. எனவே எல்லாம் நன்றாக இருப்பதாகவே நினைத்தோம்.

டிசம்பரில் பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போனோம். ரியோ கிராண்டே வில்லேஜ் பகுதியில் முழு இணைப்புடன் 25 இடங்கள் மட்டுமே உண்டு. அவை கிடைக்காமல், இணைப்பில்லாத முகாமில் இடம் பிடித்திருந்தோம். பேட்டரிதான் புதிதாயிற்றே என்ற துணிச்சல். முதல் இரவு 2 மணி அளவில் ஹீட்டர் நின்றுவிட்டது. இந்த ஹீட்டர் எரிவது புரொப்பேனில் என்றாலும், சூடான காற்றைத் தள்ளும் விசிறிக்கு 12 வோல்ட் வேண்டும். வோல்ட்டேஜ் இறங்கிவிட்டால் உருளை நிறைய எரிவாயு இருந்தும் பயனில்லை. வெளியே பூஜ்யத்தை ஒட்டிய குளிர். இரண்டு குழந்தைகளையும் எங்கள் இருவருக்கும் நடுவில் போட்டு, இருந்த போர்வை அத்தனையையும் மூடிக்கொண்டு, விடியும்வரை விழித்துக் கிடந்தோம்.

இதில் கணக்கு எளிது. என் ஹீட்டரின் விசிறி ஓடும்போது சுமார் 7 ஆம்பியர் இழுக்கிறது. இரவில் பாதி நேரம் ஓடியது என்று வைத்தால் பத்து மணி நேரத்துக்கு 35 ஆம்பியர்-மணி. விளக்கு, குளிர்பெட்டியின் கட்டுப்பாட்டுப் பலகை, எரிவாயு எச்சரிக்கைக் கருவி எல்லாம் சேர்த்தாலும் 50. பழைய 6 வோல்ட் ஜோடி இருந்திருந்தால், அந்த வகைக்கு வழக்கமான 225 ஆம்பியர்-மணியில் பாதியை மட்டும் எடுத்தாலும் இரண்டு இரவு தாங்கியிருக்கும். புதியவை பாதி இரவுகூடத் தாங்கவில்லை.

மறுநாள் காலை பக்கத்து முகாம்காரர் ஜெனரேட்டர் கொடுத்து உதவினார். மூன்று மணி நேரம் ஓட்டியும் மாலையில் அதே கதை. ஏன் என்பது வீட்டுக்கு வந்து கன்வெர்ட்டரின் மூடியைக் கழற்றியபோது புரிந்தது. அதன் பெயர்ப்பலகையில் வெளியீடு 13.6 வோல்ட் என்று ஒரே எண்தான் இருந்தது. தண்ணீர் ஊற்றும் வகை ஈய-அமில பேட்டரி நிறைய வேண்டுமானால், தயாரிப்பாளர் சொல்கிறபடி ஏறக்குறைய 14.4 முதல் 14.8 வோல்ட்டில் சில மணி நேரம் நிற்க வேண்டும். அதன் பிறகே 13.5 அளவுக்கு இறங்கிக் காவல் காக்க வேண்டும். 13.6லேயே நிற்கும் பழைய கன்வெர்ட்டரால் முழுச் சார்ஜ் ஏற்ற நாள்கணக்கில் ஆகும். அரைகுறைச் சார்ஜிலேயே கிடக்கும் தட்டுகளின் மேல் ஈய சல்பேட் படிகமாக இறுகிக் கொள்ளளவைத் தின்றுவிடும். அதே 13.6இல் டெக்சஸ் கோடையில் மாதக்கணக்கில் செருகியே வைத்தாலோ தண்ணீர் வற்றும். அந்தப் பெட்டியில் திருகிச் சரிசெய்ய ஒரு திருகாணிகூட இல்லை. அப்படியானால் 145 டாலருக்கு எதைச் சீரமைத்தார்கள்? பிறகு கேட்டபோது "சாஃப்ட்வேர் அப்டேட்" என்றார்கள். மின்மாற்றியும் சில டையோடுகளும் கொண்ட அந்தத் தகரப்பெட்டிக்கு!

அடுத்து பேட்டரிகளைப் பார்த்தேன். லேபிளில் குளிரில் எஞ்சினைக் கிளப்பும் ஆம்பியர் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது. இருபது மணி நேரத்தில் சீராக வடித்தால் எத்தனை ஆம்பியர்-மணி கிடைக்கும் என்ற எண் எங்குமே இல்லை. கிளப்பும் ஆம்பியரைப் பெருமையாகச் சொல்லும் பேட்டரியில் தட்டுகள் மெல்லியவை; நொடிக்கணக்கில் பெரிய மின்சாரம் தருவதற்கானவை. ஆழமாக வடித்து வடித்து ஏற்றினால் சீக்கிரம் உதிரும். படகு, ஆர்.வி. இரண்டுக்கும் என்று விற்கப்படுபவை பெரும்பாலும் இந்த இரட்டைப் பயன் வகையே. தேதி ஒட்டியிருந்த இடத்தில் பசை மட்டும் இருந்தது. ஆனால் பிளாஸ்டிக்கில் சூடாகக் குத்திய குறியீடு தப்பியிருந்தது: எச் 3. இந்தத் தயாரிப்பாளரின் முறையில் எழுத்து மாதத்தையும் இலக்கம் ஆண்டையும் குறிக்கும்; எட்டாவது எழுத்து ஆகஸ்ட், எனவே 2023 ஆகஸ்ட். எனக்கு விற்றபோதே பதினான்கு மாதம் அலமாரியில் கிடந்து தானாக வடிந்தவை. விற்ற அன்று மீட்டரில் 12.7 வந்தது உண்மைதான். சார்ஜரிலிருந்து அப்போதுதான் கழற்றிய பேட்டரி மேற்பூச்சாக அப்படிக் காட்டும். பல மணி நேரம் சும்மா விட்டு அளந்தால்தான் உண்மை தெரியும். நல்ல சார்ஜரில் ஒரு நாள் முழுவதும் ஏற்றிய பிறகு, அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தேன். முழுச் சார்ஜில் 1.265 இருக்க வேண்டிய ஒப்படர்த்தி, ஒரு பேட்டரியின் நான்கு அறைகளில் 1.225, மற்ற இரண்டில் 1.150. அறைகளுக்கிடையே இவ்வளவு வேறுபாடு வந்துவிட்ட பேட்டரி தேறாது.

என் பிழையும் உண்டு. அக்டோபர் முடிவிலிருந்து மூன்று வாரம் டிரெய்லரை வாடகைத் திடலில் விட்டபோது பேட்டரி இணைப்பைத் துண்டிக்கவில்லை. எரிவாயு எச்சரிக்கைக் கருவியும் ரேடியோவின் நினைவகமும் இடைவிடாமல் 0.2 ஆம்பியர் குடித்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 ஆம்பியர்-மணி போகும். மூன்று வாரத்தில் நூறு. இப்போது 20 டாலருக்கும் குறைவான துண்டிப்பு சுவிட்ச் ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். ஆனால் ஒருமுறை பாதிக்கு மேல் வடிந்ததால் மட்டும் உண்மையான டீப் சைக்கிள் பேட்டரி இரண்டு மாதத்தில் செத்துவிடாது.

ஜனவரியில் உத்தரவாதம் கேட்டுப் போனபோது, சல்பேட் படிந்திருக்கிறது, போதிய சார்ஜ் ஏற்றாதது வாடிக்கையாளரின் கவனக்குறைவு, எனவே மாற்றித் தர முடியாது என்றார்கள். சார்ஜிங் அமைப்பைப் பரிசோதித்துச் சீரமைத்ததாக அதே கடை, அதே பில்லில் 145 டாலர் வாங்கியிருக்கிறது என்று காகிதத்தை நீட்டினேன். பதில் இல்லை, மேலாளர் வெளியே போயிருக்கிறார் என்றார்கள். வெளியே வரும்போது சுவரோரம் "பயன்படுத்திய கோல்ஃப் வண்டி பேட்டரிகள்" என்ற அட்டைக்குக் கீழே ஒரு வரிசை இருந்தது. அதில் இரண்டின் கைப்பிடியில், பெரியவர் அடையாளத்துக்காகப் பூசியிருந்த அதே நீல வண்ணம். படம் எடுத்துக்கொண்டேன்.

இப்போது வண்டியில் புதிய 6 வோல்ட் ஜோடி இருக்கிறது. தேதிக் குறியீட்டைப் பார்த்து, செய்து மூன்று மாதத்துக்கு உட்பட்டதாகத் தேர்ந்தேன். கன்வெர்ட்டரை 14.4 வரை ஏறும் பல கட்ட வகைக்கு மாற்றினேன். லித்தியத்துக்கு மாறிவிடு என்று அலுவலக நண்பர்கள் சொன்னார்கள். உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக்கூடாது என்பதாலும், விலை கருதியும் இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மாதம் ஒருமுறை, சார்ஜ் முடிந்த பிறகு, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறேன். தட்டு வெளியே தெரிந்தால் மட்டும் சார்ஜுக்கு முன்பே தட்டு மூழ்கும் அளவுக்குக் கொஞ்சம். குழாய்த் தண்ணீர் கூடாது. அமிலம் ஒருபோதும் சேர்க்கக் கூடாது.

பணத்தைப் பொறுத்தவரை, கோர் சார்ஜையும் அந்த 145 டாலரையும் கிரெடிட் கார்டு நிறுவனத்தில் முறையிட்டுத் திரும்பப் பெற்றேன். பேட்டரிகளின் விலை வரவில்லை. டெக்சஸில் ஏமாற்று வணிக நடைமுறைகளுக்கு எதிரான சட்டத்தின்படி வழக்குத் தொடரும் முன் 60 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் அறிவிக்க வேண்டும். 20,000 டாலர் வரையிலான கோரிக்கைகளை வழக்கறிஞர் இல்லாமலே, சிறு வழக்குகளை விசாரிக்கும் ஜஸ்டிஸ் கோர்ட்டில் தொடுக்கலாம். பில், நீல வண்ணப் படம், எச் 3 படம், ஹைட்ரோமீட்டர் அளவுகள் எல்லாவற்றையும் இணைத்து ஜனவரி 27 அன்று பதிவுத் தபாலில் அனுப்பினேன். பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வந்துவிட்டது. மார்ச் 28 வரை அவர்களுக்கு நேரம் இருக்கிறது.