சிலிக்கன் காது: ஒன்றரை வருடப் பாவனைக்குப் பின்

வலப்பக்கச் செவிமடல் இல்லாமலே பிறந்த நான், 38ஆவது வயதில் செய்வித்துக்கொண்ட சிலிக்கன் காதை ஒன்றரை வருடமாக அணிந்து வருகிறேன். அதைச் செய்தது கொழும்பிலுள்ள ஒரு தனியார் நிலையம்; நான் அணிவது மட்டக்களப்பில். இரண்டு ஊர் வெயிலுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த நிலையத்தார் கணக்கில் எடுக்கவில்லை என்பதே என் பெரிய குறை. வேலைப்பாட்டில் குறை சொல்ல எதுவுமில்லை.

முதற்பயணத்தில் இடக்காதையும், வலப்பக்கத்தில் காது இருக்க வேண்டிய இடத்தையும் அச்செடுத்தார்கள். இடக்காதை அப்படியே வார்த்தால் இன்னொரு இடக்காதுதான் கிடைக்கும் என்பதால், கண்ணாடியில் தெரிவதைப்போல அதைத் திருப்பி, மெழுகில் கையாலேயே செதுக்கினார்கள். அடுத்த பயணத்தில் அந்த மெழுகுக் காதை என் தலையில் வைத்து, முன்னாலும் பின்னாலும் நின்று, உயரத்தையும் அது தலையிலிருந்து விலகி நிற்கும் சாய்வையும் நெடுநேரம் திருத்தினார்கள். பின்னர் அதற்கு அச்சு வார்த்து, உட்குழிவுக்குச் சற்றுச் சிவப்பும் விளிம்புக்கு வெளிறிய நிறமுமாகச் சாயம் கலந்த சிலிக்கனைப் படைபடையாக நிரப்பினார்கள். தோலோடு சேரும் ஓரம் வெங்காயச் சருகைப்போல மெல்லியது. அதுவரை காதை மறைக்க வளர்த்திருந்த முடியை வெட்டிக்கொண்டு வேலைக்குப் போன அன்று, எதிர்மேசைக்காரர் முடியைப் பற்றி மட்டுமே கேட்டார்.

எல்லோரும் கேட்கும் கேள்வி, அதனால் காது கேட்குமா என்பது. கேட்காது. என்னைப் போன்ற பலருக்குச் செவித்துளையும் அடைபட்டிருக்கும்; உட்செவி பெரும்பாலும் நன்றாகவே இருப்பதால், எலும்பின் வழியாக ஒலியைக் கடத்தும் கருவிதான் அதற்கு உதவும். இங்குள்ள கல்லடி வாவியில் பாடுமீன், அதாவது தண்ணீருக்கடியில் மீன் பாடுவதாகச் சொல்லும் ஒலியைக், கேட்கப் போகிறவர்கள் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையைக் காதில் வைப்பார்கள் அல்லவா? அந்த மறுமுனையைக் காதில்லாத பக்கத்து எலும்பில் அழுத்தி நானும் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். இந்தச் சிலிக்கன் காது மூக்குக்கண்ணாடியையும் முகக்கவசத்தையும் தாங்கும். அதுவே எனக்குப் பெரிய காரியம்.

இனி ஒட்டும் பசை. காலையில் தோலைத் துடைத்து உலர்த்தி, பசை பூசி, அது சற்று இறுகியபின் பொருத்த வேண்டும். இரவில் கழற்றி, மெல்லிய சவர்க்காரத்தால் கழுவ வேண்டும். மாரியில் மாலைவரை அசையாமலிருந்த காது, கச்சான் என்னும் வெப்பக் காற்று வீசும் மாதங்களில் வியர்வையால் மதியத்துக்குள்ளேயே ஓரத்தில் கிளம்பிவிடுகிறது. தலைக்கவசத்தைக் கழற்றும்போது அதனுடனேயே வந்தும் இருக்கிறது. ஆகவே மோட்டார் சைக்கிளில் போகும்போது அதைச் சிறு டப்பாவில் இட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன். காதின் பின்புற எலும்பில் டைட்டேனியம் திருகுகளைப் பதித்து, அவற்றில் கொளுவியாலோ காந்தத்தாலோ காதைப் பொருத்தும் முறையும் நெடுங்காலமாக உண்டு. அறுவைச் சிகிச்சைக்கு அஞ்சி அதைத் தவிர்த்தேன். இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை.

நிறத்தை அவர்கள் குளிரூட்டிய அறையில், மின்குமிழ் வெளிச்சத்தில் பொருத்தினார்கள். இங்கே என் முகம் கறுத்தது, சிலிக்கனோ வெயிலில் வெளிறியது. இவ்வகைக் காது ஏறத்தாழ இரண்டு வருடமே உழைக்கும் என்பதையும் பணம் கட்டிய பிறகுதான் சொன்னார்கள்.

பிள்ளைக்காக விசாரிக்கும் பெற்றோருக்கு ஒன்று. விலாக் குருத்தெலும்பால் காது அமைக்கும் அறுவைச் சிகிச்சையைப் பொதுவாக எட்டு, பத்து வயதளவில் செய்வார்கள். செயற்கைக் காது சரியாகப் பொருந்துவதற்கென்று, பிறவியில் எஞ்சியுள்ள சிறு மடலை அதற்கு முன்பே வெட்டிவிட்டால், அந்தத் தழும்பு பிற்காலத்தில் அச்சிகிச்சையைக் கடினமாக்கும். சத்திர சிகிச்சை நிபுணரைக் காணாமல் அதற்குச் சம்மதிக்க வேண்டாம்.

அடுத்த காதையும் அங்கேதான் செய்விப்பேன். அச்சு அவர்களிடம் இருக்கிறது. நிறம் பார்க்க மட்டும், ஓகஸ்ட் வெயிலில் கறுத்த முகத்தோடு போய், யன்னலோரத்தில் உட்காருவதாக இருக்கிறேன்.